அரசு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகச் சட்டம் படிப்பது எப்படி

1977 ஜூலையில் மேனகா காந்திக்கு டெல்லி பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 10(3)(சி)-யின்கீழ் பொதுநலன் கருதி அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கி வைக்க அரசு முடிவு செய்துள்ளது, 7 நாளுக்குள் ஒப்படைக்கவும் என்றது கடிதம். அவர் காரணம் கேட்டு எழுதினார். பொதுமக்கள் நலன் கருதிக் காரணத்தைத் தர இயலாது என்று வெளியுறவு அமைச்சகம் பதில் எழுதியது.

என்னிடம் நிர்வாகச் சட்டம் படிக்க வரும் மாணவர்களுக்கு முதல் நாள் நான் கொடுப்பது இந்த இரண்டு கடிதங்களைத்தான். ஒரு செமஸ்டர் பாடத்திட்டம் அப்படியே இவற்றுக்குள் இருக்கிறது. முடிவெடுத்தது யார்? அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? பாதிக்கப்படுபவரிடம் முன்கூட்டிக் கேட்டார்களா? காரணம் சொன்னார்களா? நீதிமன்றம் எதுவரை தலையிடலாம்? பெரும்பாலானவர்கள் ஆங்கிலேயச் சட்ட அறிஞர்களான டைசி சொன்ன விளக்கம், ஜென்னிங்ஸ் சொன்ன விளக்கம், பிரெஞ்சு முறை என்று மனப்பாடத்தில் தொடங்குகிறார்கள். மூன்றாவது வாரத்தில் பாடமே வெறுத்துவிடுகிறது. விளக்கங்கள் பிறகு வரட்டும். முதலில் ஓர் ஆணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டி இந்தியச் சட்டத்தை, குறிப்பாகத் தமிழ்நாட்டில் படிப்பவர்களையும் பழகுபவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: மேல்முறையீடு வேறு, மறுஆய்வு வேறு

மேல்முறையீட்டில் கேள்வி, முடிவு சரியா தவறா என்பது. நீதிமுறை மறுஆய்வில் கேள்வி, முடிவெடுத்த விதம் சட்டப்படி இருந்ததா என்பது. இந்த ஒரு வேறுபாடு மண்டையில் ஏறாமல் மேலே படித்தால் எல்லாத் தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றும். 1995-ல் பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: மறுஆய்வு என்பது முடிவின்மீது கேட்கும் மேல்முறையீடு அல்ல, முடிவு எடுக்கப்பட்ட முறையைப் பார்ப்பது. நீதிபதிக்கு அந்த அதிகாரியின் முடிவு பிடிக்காமல் இருக்கலாம். அது மட்டும் போதாது.

சொல் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செய்தித்தாள்களில் வரும் 'சீராய்வு மனு' என்பது பெரும்பாலும் நீதிமன்றம் தன் தீர்ப்பையே மீண்டும் பார்க்கக் கேட்பது. நாம் பேசுவது அரசமைப்புச் சட்டத்தின் 226, 32 உறுப்புகளின்கீழ் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அரசு முடிவுகளை ஆராய்வதைப் பற்றி.

இரண்டாவது படி: தாளை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

தமிழ்நாட்டு அலுவலகக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ந.க. எண் (கோப்பின் எண்), தேதி. அப்புறம் 'பொருள்', அதன்கீழே 'பார்வை'. மாணவர்கள் கண்ணை நேராகக் கடைசிப் பத்திக்கு ஓட்டிவிடுகிறார்கள். வேண்டாம். 'பார்வை'யில்தான் வழக்கே இருக்கும். எந்த மனு, எந்த அறிக்கை, எந்தச் சுற்றறிக்கையைப் பார்த்து இந்த முடிவு வந்தது என்று அங்கே வரிசையாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் கொடுத்த விளக்கம் அந்த வரிசையில் இல்லையென்றால், அதை அதிகாரி பார்க்கவே இல்லையோ என்று கேட்க இடமிருக்கிறது. உங்களுக்கு நகல் தராத ஓர் அறிக்கை அதில் இருந்தால், இன்னும் பெரிய கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்து, கையெழுத்துப் போட்டவரின் பதவி. அப்புறம் வினைச்சொற்கள். 'ஆணையிடப்படுகிறது' என்பதும் 'அரசால் அறிவுறுத்தப்பட்டபடி' என்பதும் ஒன்றல்ல. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

ஆணை கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மத்திய அரசு அலுவலகமானால் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். அதே சட்டத்தின் பிரிவு 4(1)(டி) பலர் கவனிக்காத ஒன்று: நிர்வாக முடிவுகளுக்கும் நீதிமுறை சார்ந்த (நீதிமன்றம்போல விசாரித்து எடுக்கும்) முடிவுகளுக்கும் உரிய காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குப் பொது அதிகார அமைப்பு தர வேண்டும் என்கிறது. கேட்டால்தான் தர வேண்டும் என்று அதில் இல்லை.

மூன்றாவது படி: அதிகாரத்தின் வேரைத் தோண்டுங்கள்

ஒவ்வோர் ஆணைக்கும் பின்னால் ஓர் ஏணி இருக்கிறது. அரசமைப்புச் சட்டம், அதன்கீழ் ஒரு சட்டம், சட்டத்தின்கீழ் விதிகள், விதிகளின்கீழ் அறிவிக்கை, அரசாணை, கடைசியில் சுற்றறிக்கை. ஆணை எந்தப் படியில் நிற்கிறது, மேல்படி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். சுற்றறிக்கையை வைத்து விதியை மாற்ற முடியாது. விதியை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது. ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் (சட்டமன்றம் தந்த அதிகாரத்தில் அரசு விதிகளை எழுதுவது) என்ற பெரிய அத்தியாயத்தின் நடைமுறைப் பயன் பெரும்பாலும் இவ்வளவுதான். 1951-ன் டெல்லிச் சட்டங்கள் வழக்கைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

பிரிவைச் சொல் சொல்லாகப் படிக்கும் பயிற்சிக்குப் பாஸ்போர்ட் சட்டத்தின் 10-ஆம் பிரிவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 10(3)(பி), தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டைப் பற்றியது. 10(3)(இ), குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது. இவை இரண்டும் உண்மைகள். இருக்கிறதா இல்லையா என்று ஆவணத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் 10(3)(சி) 'அவசியம் என்று கருதினால்' என்று தொடங்குகிறது. இது அதிகாரியின் மனநிறைவு. அதற்காக நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டுவிட்டதா? இல்லை. 1966-ல் பேரியம் கெமிக்கல்ஸ் வழக்கில் 3-க்கு 2 என்ற பெரும்பான்மை, கருத்து அதிகாரியுடையதாக இருக்கலாம், அந்தக் கருத்துக்கு ஆதாரமான சூழ்நிலைகள் உண்மையில் இருந்தாக வேண்டும் என்றது.

இப்போது 10(5)-ஐப் பாருங்கள். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பது ஒரு கடமை. கேட்டால் நகல் தர வேண்டும் என்பது இன்னொன்று. நாட்டின் பாதுகாப்பு, பொதுமக்கள் நலன் போன்ற விலக்கு நகல் தருவதற்குத்தான் இருக்கிறது. பதிவதற்கு விலக்கே இல்லை. ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும் இந்த இரண்டு கடமைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தச் சட்டத்தையும் உங்களால் படிக்க முடியும்.

இனி, அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி. 1947-ல் பம்பாய் போலீஸ் கமிஷனர் ஒருவருக்குச் சினிமாக் கொட்டகை கட்ட அனுமதி கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, அந்த அனுமதி ரத்து செய்யப்பட்டதைத் தெரிவிக்குமாறு அரசு தனக்கு உத்தரவிட்டிருப்பதாகக் கடிதம் எழுதினார். விதிப்படி ரத்து செய்யும் அதிகாரம் கமிஷனருக்கே இருந்தது, அரசுக்கு இல்லை. அவரோ தன் மூளையைப் பயன்படுத்தி எதையும் முடிவு செய்யவில்லை, மேலிடம் சொன்னதைக் கடத்தியிருக்கிறார். 1951-ல் கோர்தன்தாஸ் பாஞ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 'அறிவுறுத்தப்பட்டபடி' என்ற சொல்லைப் பார்த்ததும் பென்சிலால் கோடு போடச் சொல்வது இதனால்தான்.

நான்காவது படி: இயற்கை நீதி

இந்தப் பாடத்தின் இதயம் இது: முடிவால் பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும், முடிவெடுப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தவராக இருக்கக்கூடாது. பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

ஒரு காலத்தில் 'நிர்வாக' முடிவுக்கும் 'நீதிமுறை சார்ந்த' முடிவுக்கும் இடையே பெரிய சுவர் இருந்தது. இரண்டாவதற்கு மட்டும்தான் கேட்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று நினைத்தார்கள். 1967-ல் பினாபாணி தேய் வழக்கு அந்தச் சுவரில் விரிசல் விட்டது. ஒரு பெண் மருத்துவரின் பிறந்த தேதியை அரசே மாற்றி, அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பிய வழக்கு அது. ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் விளைவு இருந்தால், நிர்வாக ஆணையானாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். 1969-ல் கிரைபக் வழக்கில் சுவர் ஏறத்தாழ விழுந்தது.

கிரைபக் வழக்கின் சம்பவத்தை நன்றாக நினைவில் வையுங்கள். ஜம்மு-காஷ்மீரில் வனப்பணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியம். அதில் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலரும் ஓர் உறுப்பினர். அவரே ஒரு விண்ணப்பதாரரும்கூட. தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார், தரவரிசைப் பட்டியல் போடும்போதும் இருந்தார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அவர் மனதறிந்து எதையும் திருப்பினாரா என்று நீதிமன்றம் தேடவில்லை. சார்பு ஏற்பட நியாயமான வாய்ப்பு இருந்ததே போதும் என்று தேர்வை ரத்து செய்தது.

கேட்கும் வாய்ப்பு என்றால் ஒரு நோட்டீஸும் ஒரு நாளும் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். நோட்டீஸில் என்ன குற்றச்சாட்டு, எந்த ஆதாரம், என்ன நடவடிக்கை எடுக்க உத்தேசம் என்பது இருக்க வேண்டும். பதில் சொல்லப் போதிய நாள் வேண்டும். சொன்ன பதிலை அதிகாரி உண்மையில் படித்திருக்க வேண்டும். 17(பி) குற்றச்சாட்டு (தமிழ்நாட்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்கீழ் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு) வாங்கிய ஓர் அரசு ஊழியரின் கோப்பை எங்காவது பார்க்கக் கிடைத்தால், பெயர்களை மறைத்துவிட்டு வரிசையாகப் படித்துப் பாருங்கள். குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை அதிகாரியின் அறிக்கை, அறிக்கைமீதான மறுவிளக்கம், இறுதி ஆணை. எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று தேடுவதுதான் பயிற்சி. 1993-ல் கருணாகர் வழக்கு, விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே ஊழியருக்குத் தர வேண்டும் என்றது. கூடவே ஒன்றையும் சொன்னது: நகல் தரவில்லை என்பதால் மட்டும் தண்டனை தானாக விழுந்துவிடாது, அதனால் அவருக்குப் பாதகம் ஏற்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் 'பாதகம்' என்ற சொல் இன்று மிக முக்கியம். உத்தரப் பிரதேச அரசு எதிர் சுதிர் குமார் சிங் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிய விதிகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தந்தது. இயற்கை நீதி மீறப்பட்டது என்று எழுதி நிறுத்தும் விடைக்கும், மீறலால் என்ன இழந்தார், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதும் விடைக்கும் உள்ள தூரம் அதிகம். என் கருத்தில், நீதிமன்றங்கள் சில நேரம் இந்தச் சோதனையை மிகக் கடுமையாகப் பயன்படுத்துகின்றன. கேட்கப்படுவதிலேயே ஒரு மரியாதை இருக்கிறது. முடிவு மாறுமா மாறாதா என்பதை மட்டும் வைத்து அதை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம். எந்தப் பக்கம் என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள்.

ஐந்தாவது படி: காரணம் எங்கே?

1977 தேர்தலில் பெரோஸ்பூர் மக்களவைத் தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப்பதிவு நடத்தத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அதை எதிர்த்த மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது இன்றும் அன்றாடம் மேற்கோள் காட்டப்படுகிறது: ஓர் ஆணை அதில் சொல்லியிருக்கும் காரணங்களால்தான் நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்க முடியாது. ஆணைகள் வயதாக வயதாகச் சுவை கூடும் பழைய மதுவல்ல என்றார்.

ஆக, அரசின் கவுன்டரை (மனுவுக்கு அரசு தரும் பதில் பிரமாணப் பத்திரத்தை)ப் படிக்கும்போது ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருந்து ஆணையில் இல்லாத ஒவ்வொரு காரணத்தையும் தனியாகக் குறியுங்கள். இந்த விதிக்கும் விலக்கு உண்டு. ரயில்வே பணித்தேர்வு முறைகேடு பற்றிய ஷ்யாம் குமார் வழக்கில் (2010), பொதுநலன் பெரிதாக இருக்கும்போது பின்னர் வந்த ஆவணங்களையும் பார்க்கலாம் என்றது நீதிமன்றம்.

ஆறாவது படி: நியாயமற்றது, அளவுக்கு மீறியது

வெட்னஸ்பரி என்ற சொல்லை எல்லாரும் சொல்வார்கள். வழக்கு என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு நகராட்சி, ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு 15 வயதுக்குட்பட்டவர்களை விடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. திரையரங்க நிறுவனம் எதிர்த்தது. 1947-ல் தீர்ப்பு: நியாயமான எந்த அதிகார அமைப்பும் எடுக்க முடியாத அளவு அபத்தமாக இருந்தால்தான் தலையிடுவோம், இது அப்படி இல்லை. நிறுவனம் தோற்றது. டெண்டர் விஷயங்களில் இந்தியாவில் இந்த அணுகுமுறையை விரிவாக எழுதியது 1994-ன் டாட்டா செல்லுலார் வழக்கு.

விகிதாசாரம் என்பது அடுத்த கட்டம். தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமா என்று பார்க்கும். 1987-ல் ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் படியுங்கள். காவலில் இருந்த ராணுவ வீரர் சாப்பிட மறுத்ததற்கு ஒரு வருடச் சிறையும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. அவர் யார்மீது புகார் எழுதியிருந்தாரோ அந்த அதிகாரியே விசாரணையில் அமர்ந்திருந்தார். சார்பு, விகிதாசாரம் இரண்டும் ஒரே வழக்கில் கிடைப்பது அரிது.

ஏழாவது படி: தீர்ப்பின் கடைசிப் பத்தி

நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். புகழ்பெற்ற தீர்ப்பு என்றால் மனுதாரர் வென்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். வெட்னஸ்பரியில் மனுதாரர் தோற்றதைப் பார்த்தோம். கில் வழக்கில், காரணம் பற்றிய அந்த விதியெல்லாம் சொன்ன பிறகு, தேர்தல் விஷயத்தில் 329(பி) உறுப்பு ரிட் மனுவை (226, 32 உறுப்புகளின்கீழ் நேராக நீதிமன்றத்தில் போடும் மனுவை)த் தடுக்கிறது என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பாவின் வழக்கு (1973), தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்குப் பகை என்று 14-வது உறுப்புக்கே புதுப்பொருள் தந்தது. ராயப்பா தோற்றார். தீய நோக்கம் என்ற குற்றச்சாட்டை நிரூபிக்கும் சுமை மிகப் பெரியது என்பதும் அந்த வழக்கின் பாடம். ரமணா ஷெட்டி வழக்கு (1979) பம்பாய் விமான நிலைய உணவக டெண்டர் பற்றியது. அரசு தானே வகுத்த தகுதி நிபந்தனையைத் தானே மீறக்கூடாது என்று சொல்லிவிட்டு, மனுதாரர் தாமதமாக வந்தார், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பணம் போட்டுவிட்டார் என்று நிவாரணம் மறுத்தது. மேனகா காந்தி வழக்கிலும் ஆணையை முறைப்படி ரத்து செய்யவில்லை. அவருடைய தரப்பைக் கேட்போம் என்று அட்டர்னி ஜெனரல் கொடுத்த உறுதியை ஏற்று முடித்தார்கள்.

கோட்பாடு ஒரு பக்கம், நிவாரணம் இன்னொரு பக்கம். வழக்குக் குறிப்பு எழுதும்போது கடைசி வரியில் 'யாருக்கு என்ன கிடைத்தது' என்று கட்டாயம் எழுதுங்கள். ரிட் என்பது நீதிமன்றம் தன் விருப்புரிமையில் தருவது என்பது அப்போதுதான் புரியும்.

எட்டாவது படி: வாசலில் நிற்கும் கேள்விகள்

எதிர்த்தரப்பு முதலில் எழுப்புவது இவற்றைத்தான். அந்த அமைப்பு 12-வது உறுப்பின்படி 'அரசு'தானா? (1980-ன் அஜய் ஹாசியா வழக்கு.) சட்டமே மேல்முறையீட்டு வழி வைத்திருக்கும்போது ஏன் நேராக ரிட்? 1998-ன் வேர்ல்பூல் வழக்கு விலக்குகளைச் சொல்கிறது: அடிப்படை உரிமை, இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாமல் செய்தது, சட்டத்தின் செல்லும்தன்மையே கேள்விக்குரியது. தாமதம் ஏன்? ரிட்டுக்குக் காலவரையறை எழுதி வைக்கவில்லை, ஆனாலும் தூங்கியவருக்கு நீதிமன்றம் உதவாது. மத்திய அரசு ஊழியரானால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அதன்மீது உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) என்பது 1997-ன் சந்திர குமார் தீர்ப்பு. தமிழ்நாட்டு மாநில அரசு ஊழியர் நேராக உயர் நீதிமன்றத்துக்கே போகலாம்.

ஒன்பதாவது படி: கேட்பதைச் சரியாகக் கேளுங்கள்

மாண்டமஸ் என்றால் செய்யச் சொல்வது, செர்ஷியோரரி என்றால் ஆவணங்களை வரவழைத்து ரத்து செய்வது என்று புத்தகம் சொல்லும். சென்னை உயர் நீதிமன்றத்திலும் 2004-ல் தொடங்கிய மதுரைக் கிளையிலும் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது இரண்டையும் சேர்த்த 'செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்'. இன்ன ந.க. எண், இன்ன தேதியிட்ட ஆணையின் ஆவணங்களை வரவழைத்து, அதை ரத்து செய்து, அதன் தொடர்ச்சியாக இன்னதைச் செய்யுமாறு எதிர்மனுதாரருக்கு உத்தரவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் போகும் வேண்டுகோள். ஆணையை ரத்து செய்வதோடு நின்றால் விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். இரண்டாம் பாதி அதற்காகத்தான். பல வழக்குகளில் நீதிமன்றம் தானே முடிவெடுக்காது. நோட்டீஸ் கொடுத்து, கேட்டு, இத்தனை வாரத்துக்குள் புதிதாக ஆணையிடுங்கள் என்று அதே அதிகாரிக்குத் திருப்பி அனுப்பும். இதைத் தோல்வி என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். முறையான விசாரணை கிடைப்பதே பல மனுதாரர்களுக்குப் பெரிய விஷயம்.

படிக்கும் ஒழுங்கு

வாரத்துக்கு இரண்டு தீர்ப்பு போதும், முழுதாக. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு இந்தியா கோட் தளம். தலைக்குறிப்பை (தீர்ப்பின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை) மூடி வைத்துவிட்டுச் சம்பவத்தை மட்டும் முதலில் படியுங்கள். நிறுத்தி, நீங்களே ஒரு முடிவை நான்கு வரியில் எழுதுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள். உங்கள் முடிவும் தீர்ப்பும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கற்பது, வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு மாதத்தில் வராது.

மாதத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுங்கள். கிரைபக் வழக்கில் அரசின் வழக்கறிஞர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு இரண்டு பக்கக் கவுன்டர் எழுதுங்கள். அவர் வெளியே போனாரே, மற்ற உறுப்பினர்கள் சார்பில்லாதவர்கள்தானே, இறுதி முடிவு வேறொரு தேர்வாணையத்திடம் அல்லவா இருந்தது என்று உங்களால் எவ்வளவு வலுவாகச் சொல்ல முடிகிறது என்று பாருங்கள். எழுதி முடித்த பிறகு தீர்ப்பைத் திறந்து, நீதிமன்றம் ஒவ்வொரு வாதத்துக்கும் எந்தப் பத்தியில் பதில் சொல்கிறது என்று உங்கள் தாளின் ஓரத்தில் பத்தி எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.